பஞ்சுவுக்குப் பத்தாம் நாள்

14

பத்தே முக்கால் ஆகியும் அக்கா வரவில்லை.

அரங்கசாமி மூன்றாம் முறையாகக் கேட் வரைக்கும் போய், மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒன்பது நாளாகப் பத்து இருபதுக்கு வந்துகொண்டிருந்தவள். போத்தனூரிலிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்கு இன்னொரு பஸ். இரண்டு பஸ் மாறியும் பத்து இருபது பிசகியதில்லை. முப்பது வருடம் ரயில்வேக்காரருக்கு மனைவியாக இருந்தவள். ரயில் தாமதித்திருக்கிறது, அவள் தாமதித்ததில்லை.

வாசலில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார். ஒன்று அக்காவுக்கு, பப்பாளி மரத்தில் கட்டியிருந்த பஞ்சுவுக்கு நேர் எதிரே. இன்னொன்று அவருக்கு, கொஞ்சம் தள்ளி. கூடச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாத தூரம். ஆனால் பேச்சு காதில் விழும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வரலாம்.

தொண்ணூற்றொன்றில் அரங்கசாமியின் மகள் வசுந்தராவுக்குக் கல்யாணம். நானூறு பத்திரிகை. பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வார். நேரில் போய் அழைக்க வேண்டியவர்கள் ஒரு பட்டியல், தபாலில் அனுப்ப வேண்டியவர்கள் இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி போடாமல், முதல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தபால்தலை ஒட்ட உட்கார்ந்தார். முதல் பெயர் ராமாமணி. முதல் தபால்தலை அதற்கே கிடைத்தது.

கூடப் பிறந்த ஒரே அக்கா. மணப்பெண்ணுக்கு அத்தை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் போய் நின்று அழைக்க வேண்டியவள். அவளை அழைத்தது போஸ்ட்மேன்.

பதிலுக்கு ராமாமணி கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அடித்தாள். இதோ இருக்கிற போத்தனூரிலிருந்து.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் அரங்கசாமியின் மனைவி சரோஜினி இறந்தபோது வந்தாள். சாவுக்குப் பத்திரிகை கிடையாது. பெண்களோடு உட்கார்ந்து அழுதாள், தம்பியின் முகத்தைப் பார்க்காமல் போனாள். நேரில் போய் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தார். அப்புறம், இத்தனை நாள் போகாததே போகாமலிருக்கக் காரணமாகிவிட்டது.

இந்த ஆவணியில் ராமாமணியின் மகன் ஜெகந்நாதனுக்குக் கல்யாணம். போன வாரம் திங்கட்கிழமை, கையில் தட்டோடு அவளே வந்தாள். அழைப்பது எப்படி என்று தம்பிக்குக் காட்டிக் கொடுக்கத்தான் வந்தாள். "எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு..." என்று தட்டை நீட்டினாள்.

பப்பாளி நிழலில் படுத்திருந்த பஞ்சு, யாரோ ஒரு அம்மாள் தன் எஜமானரை நோக்கி எதையோ ஓங்குவதைப் பார்த்தது. கெண்டைக்காலில் ஒரே கடி. தட்டு விழுந்தது. எலுமிச்சம்பழம் சாக்கடை வரைக்கும் உருண்டது. பத்திரிகையை மட்டும் ராமாமணி கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். பிடித்ததைப் பைக்குள் வைத்தாள்.

அது இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

டாக்டர் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு. "மருமகளை ஊட்டுக்குள்ள கூப்புடறப்ப நான் வயித்தைப் புடிச்சுட்டு நிக்கறதுங்களா?" என்று ராமாமணி மறுத்துவிட்டாள். பஞ்சுவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தார்கள். அதில் கடைசியாக இருந்த தேதி சரோஜினி இருந்த காலத்தது. அப்படியானால் நாயைப் பத்து நாள் கவனியுங்கள், அது சாப்பிட்டு நன்றாக இருந்தால் பயமில்லை, சாப்பிடாமல் போனால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வாருங்கள் என்று டாக்டர் அரைமனதாகச் சொன்னார்.

"தினமும் போன்ல சொல்லிப்போடறனுங்க," என்றார் அரங்கசாமி.

"நானே நேர்ல வந்து பாத்துக்கறனுங்க டாக்டர்," என்றாள் ராமாமணி. "சில பேரு எதையும் நேர்ல சொல்ல மாட்டாங்க."

இதுதான் நடந்தது. நாம் பப்பாளி மரத்தடிக்குத் திரும்பலாம்.

பஞ்சுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமரேனியன் என்று சொல்லித்தான் சரோஜினிக்கு அதைக் கொடுத்தார்கள். வெள்ளையாக, உருண்டையாக, நூல் மில்லிலிருந்து தப்பி வந்தது போல இருந்ததால் பஞ்சு என்று பெயர் வைத்தாள். ஆறு மாதத்தில் கால்கள் நீண்டன, காது ஒன்று மடங்கியது, வால் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொண்டது. அம்மா வழியில் பாமரேனியன். அப்பா வழியில் பெரியநாயக்கன்பாளையம்.

சரோஜினி போன பிறகு வீட்டுத் தெலுங்கில் பேச அரங்கசாமிக்கு மீந்த ஒரே ஆள் அதுதான். காலையில் பேப்பரைப் படித்து அதனிடம் அபிப்பிராயம் சொல்வார். பஞ்சு பதில் சொல்லாது, தப்பும் கண்டுபிடிக்காது. புனேயிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டால், "பேசிட்டிருந்தேன் கண்ணு," என்பார். யாரோடு என்று அவள் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒன்பது நாள் தொடர்ந்து விருந்தாளி.

முதல் நாள் அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஐந்து நிமிடம் நாயை உற்றுப் பார்த்தாள். நாயும் பார்த்தது. போய்விட்டாள். இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று தமிழில் கேட்டாள். அக்கா தம்பிக்குள் தெலுங்குதான்; தமிழும் மரியாதையும் வெளியாட்களுக்கு.

"குடிச்சுதுங்கக்கா," என்றார் அரங்கசாமி.

"நான் நாயைக் கேட்டேன்," என்று ராமாமணி பப்பாளி மரத்திடம் சொன்னாள்.

நாலாம் நாள் டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவந்து, ஆறு அடி தள்ளி நின்று ஒன்றைப் போட்டாள். பஞ்சு அதை விழுங்கிவிட்டு டிபன் பாக்ஸைப் பார்த்தது. "உங்களுக்கு இந்த ஊட்ல சோறாக்கறது யாருங்க?"

"நாந்தானுங்கக்கா."

"அதுதான் நெஞ்செலும்பு தெரியுது," என்றாள் பஞ்சுவிடம். பஞ்சுவுக்கு நெஞ்செலும்பு தெரியவில்லை, முடி அடர்த்தி. அரங்கசாமி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள், "சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லீங்களே, தெச்சுப் போட ஆளில்லீங்களா?" என்று கேட்டாள். பஞ்சு சட்டை போடுவதில்லை. அன்று மாலை அரங்கசாமி பட்டன் தைத்தார். "வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலுங்களா?" என்றாள் மறுநாள். அதையும் பஞ்சுதான் கேட்டுக்கொண்டது.

இந்த ஒன்பது நாளில் அரங்கசாமி தினமும் சவரம் செய்தார். கால் லிட்டர் பால் அதிகம் வாங்கினார். அக்கா காப்பி குடிக்கமாட்டாள் என்று தெரிந்தும் போட்டு வைத்து, அவள் போன பிறகு அதையும் அவரே குடித்தார். தினமும் அந்தப் பையைப் பார்த்தார். திறந்த வாயில் மஞ்சள் தடவிய உறையின் மூலை தெரியும். போகும்போது அவள் பையை எடுப்பாள். உறையும் கூடவே போகும்.

பத்தாம் நாள் கொடுப்பாள் என்று அவர் முடிவு செய்திருந்தார். பஞ்சு தேறிவிட்டது என்று தெரிந்ததும், மிச்சக் கோபத்தையும் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்துவிட்டு, பையில் கை விடுவாள். திட்டட்டும். தெலுங்கில் திட்டினால் இன்னும் நல்லது.

கொடுக்காமல் போனால், அதற்கப்புறம் அவள் இந்தக் கேட்டைத் திறக்க ஒரு காரணமும் இல்லை.

மணி பன்னிரண்டு.

காலையில் வைத்த பால்சோறு வைத்தபடி இருந்தது. மேலே ஆடை கட்டி, அதில் ஒரு எறும்பு உலா வந்தது. பஞ்சு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்னங்கால் மேல் தாடையை வைத்துக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அரங்கசாமி பிஸ்கட் எடுத்து நீட்டினார். தலையைத் திருப்பிக்கொண்டது.

சாப்பிடாமல் போனால், என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அவசரமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். பஞ்சு நாலு நக்கு நக்கியது. பாதி உயிர் வந்தது. மறு பாதிக்காக உள்ளே போய்ப் போனைச் சுழற்றினார்.

ஜெகந்நாதன் எடுத்தான்.

"அம்மா பொறப்பட்டாச்சாப்பா?"

"எங்கீங்க மாமா?"

"இங்கதான். இன்னிக்குப் பத்தாம் நாளு."

"அம்மா நேத்தோட பத்து முடிஞ்சுதுன்னாங்களே மாமா. சாயங்காலம் தலைக்குத் தண்ணி ஊத்தி வெளக்குக்கூடப் போட்டாங்க."

"நேத்து ஒன்பதுதானே?"

"கடிச்ச அன்னிக்கு ஒண்ணுங்க. எழவு ஊட்ல எண்ணறாப்பல."

அரங்கசாமி முப்பத்தொரு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவர். இன்று வந்து இறங்கிய சரக்குக்கு நாளைதான் முதல் நாள். அதுதான் ஸ்டோர்ஸ் வழக்கம். அக்கா எண்ணியது வேறு விதம்.

"நாய் நல்லாருக்குதில்லீங்க மாமா?"

"நல்லாருக்குது."

"அம்மாவைக் கூப்புடட்டுங்களா? உள்ளதான் இருக்காங்க."

"வேண்டாம்ப்பா. வேலையா இருப்பாங்க," என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் நேற்று நடந்தது முழுதாகப் புரிந்தது. நேற்று அக்கா போகும்போது, முதல் முறையாகக் குனிந்து பஞ்சுவின் தலையைத் தொட்டாள். "நல்லாருங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க. உடம்பைப் பாத்துக்கங்க," என்றாள். வெளியே போய்க் கேட்டைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, வழக்கம் போல இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். ராமாமணி கேட்டைத் திறந்து போட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. அரங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாளைக்கு ரவா உப்புமா செய்தால் ஒரு வாய் சாப்பிடுவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவள் விடைபெற்றுப் போயிருக்கிறாள். அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

வாசலுக்கு வந்தார். நாற்காலிகள் இரண்டும் எதிரும் புதிருமாக வெயிலில் கிடந்தன. பால்சோறு அப்படியே இருந்தது.

போனில் 'நல்லாருக்குது' என்று சொல்லியாகிவிட்டது. மறுபடி சுழற்றி, 'காலையிலிருந்து சாப்பிடலை' என்றால் அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். அந்த யோசனை அவருக்கு வந்தது. கொஞ்ச நேரம் சுகமாகக்கூட இருந்தது. அப்புறம், இரண்டு பஸ்ஸிலும் அவள் வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்து வருவாளே என்று தோன்றியது. சொல்லாமலும் இருக்க முடியாது. பயந்தபடியே இருந்துவிட்டால் அது அவள் உயிர்.

சொல்லித்தான் ஆக வேண்டும். போனில் முடியாது, தபாலில் முடியவே முடியாது.

கண்ணாடி அலமாரியிலிருந்து சரோஜினியின் வெள்ளித் தட்டை எடுத்துத் துடைத்தார். மூலைக் கடையில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், இரண்டு எலுமிச்சம்பழம். கறுப்பு நூல் பட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதுதான் முறை. அதற்கு வழியில்லாததால் பஞ்சுவை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டார்.

ஸ்டாண்டில் தம்பிதுரையின் ஆட்டோ நின்றது. அவன் தட்டைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்.

"ஏனுங்க சார், நாய் கடிக்குமுங்களா?"

"கடிக்கும்."

"யாரைக் கடிச்சுதுங்க?"

"எங்க அக்காளை."

"இப்ப எங்கீங்க போகோணும்?"

"எங்க அக்கா ஊட்டுக்கு. போத்தனூர்."

தம்பிதுரை வண்டியை எடுத்தான். துடியலூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்: "மறுபடியுங்களா?"

அரங்கசாமியின் மடியில் தட்டு, காலடியில் பஞ்சு. ஒவ்வொரு மேட்டிலும் எலுமிச்சம்பழத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பஞ்சு வெளியே தலையை நீட்டி, காதில் காற்று வாங்கி, எதிரே வந்த லாரிகளை எல்லாம் எச்சரித்துக்கொண்டு வந்தது. வியாதிக்காரனின் லட்சணம் போலத் தெரியவில்லை. ஆனால் வழியில் நிறுத்தி வாங்கிய பன்னை அது தொடவில்லை. அவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உக்கடம் வரைக்கும் தயார் செய்து, உக்கடத்தில் அழித்து, மறுபடி தயார் செய்தார்.

போத்தனூர் வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை தெரு வரைக்கும் வந்தது. ஆறு வருடத்தில் கேட்டின் நிறம் மாறியிருந்தது. வாசலில் ராமாமணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ நின்றதும் நிமிர்ந்தாள்.

பஞ்சு சங்கிலியோடு குதித்து ஓடி, கேட்டில் முன்னங்கால் வைத்து நின்று, ஊரே கேட்கும்படி குரைத்தது. வாலோடு சேர்ந்து பின்பாதி முழுவதும் ஆடியது.

ராமாமணி முறத்தை வைத்துவிட்டு வந்து கேட்டைத் திறந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பிறகு பஞ்சுவிடம் குனிந்து கேட்டாள்:

"தனியாவா வந்தீங்க?"

அரங்கசாமி தயார் செய்த வாக்கியம் உக்கடத்திலேயே இறங்கிவிட்டிருந்தது.

"அக்கா," என்றார். "காத்தாலிருந்து அது ஒண்ணும் திங்கலீங்க. போன்ல நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். பொய்யிங்க. நேர்ல சொல்லோணும்னு வந்தேன்."

ராமாமணியின் கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது. அவள் முகத்தில் இருந்த ஆறு வருடமும் ஒரு நொடி காணாமல் போய், வெறும் பயம் மட்டும் நின்றது. உள்ளே போனாள். ஒரு இட்லியோடு வந்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

பஞ்சு மூன்றே விழுங்கில் முடித்து, உள்ளங்கையை நக்கி, விரல் இடுக்குகளையும் சோதனை போட்டது. பிறகு, இவ்வளவுதானா என்று அவளை அண்ணாந்து பார்த்தது.

ராமாமணி நீளமாக மூச்சு விட்டாள்.

"வியாதி இல்லீங்க உங்களுக்கு. வீம்பு," என்றாள். "கூப்புட்டு ஊட்டுனாத்தான் திம்பீங்க. ஊட்டு வழக்கம் அப்படியே வந்திருக்குது."

சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பஞ்சு திரும்பிப் பார்க்காமல் கூடவே போனது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அந்தப் பை தொங்கியது. மஞ்சள் மூலை தெரிந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள், அதற்குள் கையை விடவில்லை.

ஆனால் கேட்டைச் சாத்தவில்லை.

அரங்கசாமி திறந்த கேட்டைப் பார்த்தார். மறதியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. பின்னால் தம்பிதுரை, "நிக்கட்டுங்களா, போகட்டுங்களா சார்?" என்று கேட்டான். அதுவும் தெரியவில்லை.

உள்ளே தரையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அதைப் பஞ்சுவின் நாக்கு நகர்த்திக்கொண்டு போகும் சத்தம். கல்யாண வேலைக்கு வந்திருந்த உறவுப் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு குரல், "யாருங்கத்தை வந்திருக்கறது?" என்றது.

அதற்கு ராமாமணி, "இன்னொரு தட்டு எடும்மா," என்றாள்.

வந்திருப்பது ஒரு நாய். அதற்கு ஒரு தட்டு வைத்தாகிவிட்டது. அப்படியானால் இன்னொரு தட்டு யாருக்கு என்று அரங்கசாமி மெல்ல எண்ணிப் பார்த்தார். விடை வரத்தான் செய்தது. ஆனால் அவர் எண்ணிக்கை இன்றைக்கு ஏற்கெனவே ஒரு முறை தப்பியிருந்தது.

அதனால், எலுமிச்சம்பழம் உருளாமல் பிடித்துக்கொண்டு, கேட் அருகிலேயே நின்றார்.